கடலிலிருந்து கண்ட பட்டினம்

(கீழ்க்கட்டளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கட்டளை என்னும் சொல்லுக்கு நம் மொழியில் பொருள் பல. ஆணை என்பது ஒன்று. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்றே பெயர். பொன்னை உரைத்து மாற்றுக் காணும் கல்லைக் கட்டளைக்கல் என்கிறோம். கோயிலில் ஒரு காலப் பூசைக்கென்றோ ஒரு நாள் உற்சவத்துக்கென்றோ ஒருவர் எழுதிவைக்கும் நிவந்தமும் கட்டளையே. கட்டளை என்பதைத் தன் பெயரிலேயே தாங்கிய இந்த ஊரில், அறக்கட்டளை ஒன்றின் பேரால், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சித்திரங்களைப்பற்றிப் பேச எழுந்து நிற்கிறேன். சொல்லழகுக்காக நான் இந்த விஷயத்தைத் தேர்ந்துகொண்டதாகத் தாங்கள் எண்ணிவிட வேண்டாம். என்னை இதில் இழுத்துவிட்டது நம் ஊருக்கு வடக்கே நிற்கும் பரங்கிமலைதான்.

மாலை வேளையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், இப்பொழுது எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களின் சந்து வழியாக அந்த மலையின் முதுகு சிறிது தெரியும். முந்நூறு அடி உயரத்தை மலை என்று சொல்வதற்கே மலைநாட்டார் சிரிப்பார்கள். ஆயினும், ஊற்றிவைத்த மாவைப்போல மட்டமாகக் கிடக்கும் இந்தச் சோழமண்டலக் கரையை நோக்கிக் கப்பலில் வந்தவனுக்கு, முந்நூறு அடி என்பது தெய்வம் கைகாட்டியதைப் போன்ற உதவி. 1523-இல் போர்ச்சுகீசியர் அதன் உச்சியில் கோயில் கட்டியதற்கு இயேசுவின் சீடராகிய தோமையாரைப்பற்றிய ஐதிகம் காரணமானாலும், கடலில் தவித்து வந்த மாலுமி அந்த வெள்ளைச் சுவரைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டபோது அவன் மனத்தில் பக்தியோடு திசையறிந்த நிம்மதியும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். பிற்காலத்தில், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது, தம் முதற்கோட்டைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை, ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு, சங்கிலி பிடித்து அளந்தார். நாம் அமர்ந்திருப்பது அந்த நிலப்பகுதியில்தான். அளந்தவன் நின்ற இடம் நிலம். அவனுக்கு முந்திய முந்நூறு ஆண்டுகளில் நம் கரையைப் படம் எழுதியவர்களெல்லாம் நின்ற இடம் கப்பலின் மேல்தளம். ஒரு பட்டினத்தின் படத்தைக் கையில் எடுக்கும்போது, இதில் என்ன தெரிகிறது என்று கேட்பதற்கு முன், எழுதியவன் எங்கே நின்றான் என்று கேட்கவேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவே. மற்றவையெல்லாம் அதற்கு உதாரணங்கள்.

முதல் உதாரணத்துக்கு நாம் மத்தியதரைக் கடலுக்குப் போகவேண்டியிருக்கிறது. 1483-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஜெர்மானிய நாட்டு மாயின்ஸ் நகரத்துப் பேராலயத்தைச் சேர்ந்த பெர்னார்ட் வான் பிரைடன்பாக் என்னும் செல்வர், எருசலேமுக்கு யாத்திரை புறப்பட்டார். யாத்திரை போவது அக்காலத்தில் விசேஷமன்று. வெனிஸ் நகரத்தில் யாத்திரிகர்களை ஏற்றிப்போய்க் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே கப்பல் முதலாளிகள் இருந்தார்கள். உணவு இத்தனை வேளை, கூலி இத்தனை என்று உடன்படிக்கை எழுதிக்கொண்டு ஏறுவது வழக்கம். விசேஷம் எதுவெனில், பிரைடன்பாக் தம் பரிவாரத்தில் சமையற்காரனோடும் பணியாட்களோடும் யூட்ரெக்ட் நகரத்துச் சித்திரக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டார் என்பதுதான். எர்ஹார்ட் ராய்விக் என்பது அவர் பெயர். போகும் வழியில் கப்பல் தங்கிய துறைகளையெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டுவருவது அவர் தொழில். இன்றைய செல்வர்கள் திருமணத்துக்குப் புகைப்படக்காரரை அமர்த்துகிறார்களே, அதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் புகைப்படக்காரர் எருசலேமுக்கும், அங்கிருந்து சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் உடன் அலைந்து, உயிரோடு திரும்பவும் வேண்டியிருந்தது. பரிவாரத்தில் இருந்த இளம் பிரபு ஒருவர் அலெக்சாந்திரியாவிலேயே இறந்துபோனார்.

திரும்பிவந்தபின், 1486-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், அந்த யாத்திரை நூல் லத்தீன் மொழியில் மாயின்ஸ் நகரத்தில் அச்சாயிற்று. அச்சுக்கலைக்குப் பிறந்தவீடு மாயின்ஸ். கூட்டன்பர்க் மறைந்து அப்பொழுது பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவரோடு பழகித் தொழில் கற்ற பீட்டர் ஷோஃபரின் எழுத்துருக்களே இந்நூலிலும் பயன்பட்டன. அதே ஆண்டில் ஜெர்மன் பதிப்பும் வந்தது. வெனிஸ், பாரென்சோ, கார்ஃபு, மோதோன், காண்டியா, ரோட்ஸ் ஆகிய ஆறு துறைகளின் படங்களும், எருசலேமைக் காட்டும் புண்ணிய பூமியின் படமும் அதில் உண்டு. அவற்றுள் வெனிஸ் நகரத்தின் படம், மடித்த தாளைப் பிரிக்கப் பிரிக்க நீண்டுகொண்டே போய், ஐந்தடிக்கும் மேலாக, ஓர் ஆள் கைவிரித்த அகலத்துக்கு வந்து நிற்கும்.

எனக்கு வெனிஸைவிட ரோட்ஸ் தீவின் படத்தில்தான் ஈடுபாடு அதிகம். தீவு சிறிது, ஆனால் நிலை பெரிது. புனித யோவான் பெயரால் அமைந்த வீரத் துறவியர் குழு அதனைத் தன் கோட்டையாக வைத்து ஆண்டுகொண்டிருந்தது. ராய்விக் அத்துறையில் போய் இறங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1480-இல், துருக்கிய சுல்தானின் பெரும்படை அத்தீவை முற்றுகையிட்டு, மதில்களைப் பீரங்கியால் இடித்து, பிடிக்கமுடியாமல் திரும்பியிருந்தது. அந்த ஊரின் பெயர் அப்பொழுது கிறிஸ்தவ உலகம் முழுவதும் வாயில் அடிபட்ட பெயர். படத்தைப் பிரித்தால், முன்னே அலைகோடுகளாகக் கடல். கடலுக்குள் நீண்ட அணைகரையின்மேல் வரிசையாகக் காற்றாலைகள். துறைமுகத்தின் வாயிலில் காவற்கோபுரம். அதற்குப் பின்னால் மதில். மதிலுக்கும் மேலே எட்டிப்பார்க்கும் கோயில்களின் கூம்புகளும் மாளிகைகளின் கூரைகளும். கப்பலிலிருந்து இறக்கிய தானியத்தை அங்கேயே மாவாக்கிக்கொள்ளத் தோதாகக் காற்று வீசும் கரையில் ஆலைகளை நட்டிருக்கிறார்கள். ஒரு தீவு எப்படி வயிறு வளர்க்கிறது, எதற்கு அஞ்சுகிறது, யாரைத் தொழுகிறது என்னும் மூன்று செய்திகளையும், ஆலையாலும் மதிலாலும் கூம்பாலும், கீழிருந்து மேலாக அடுக்கிவைத்ததுபோல ஒரே தாளில் படிக்கலாம்.

ஆனால் அந்தத் தாளில் சந்தை இல்லை, தெரு இல்லை, கிணற்றடி இல்லை, மதிலுக்கு உள்ளே அரிசி விலை என்ன, அடுத்த வீட்டுக்காரனோடு என்ன சண்டை என்பதற்கு அதில் இடமே இல்லை. ராய்விக் குறைந்த கைவன்மையுடையவர் என்பதனால் அன்று. கப்பல் நங்கூரம் பாய்ச்சிய இடத்திலிருந்து பார்த்தவனுக்கு ஊர் எப்பொழுதும் முகம் மட்டுந்தான், முதுகு தெரியாது.

மரக்கட்டை அச்சு என்பது என்ன என்று இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வழவழப்பாகச் சீவிய பேரிமரம் போன்ற கெட்டிப் பலகையில் படத்தை எழுதி, கோடு நிற்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் கத்தியாலும் உளியாலும் அகழ்ந்து எடுத்துவிடுவார்கள். எஞ்சி மேடாக நிற்கும் கோட்டில் மை தடவித் தாளை அழுத்தினால் படம் விழும்; வலம் இடமாக மாறி விழும் என்பதனால், பலகையில் முதலிலேயே மாற்றி எழுதவேண்டும். எழுத்துருவும் மேடு, கட்டைச் சித்திரமும் மேடு. ஆகையால் இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிட்டுவிடலாம். செப்புத் தகட்டில் இதற்கு நேர்மாறு: கோட்டைக் கீறிப் பள்ளமாக்கி, பள்ளத்தில் மையை நிரப்பி, உருளையில் கொடுத்து நெருக்கவேண்டும், எழுத்தோடு சேர்ந்து ஓடாது, செலவும் இரட்டிப்பு, ஆனால் கோடு மயிரிழைபோல் வரும். மரத்துக்கு அந்த நயம் இல்லை. மரத்தில் செதுக்கிய அலை, அலை என்பதைவிட வைக்கோற்புரி போலவே இருக்கும். இருந்தும் அந்த முரட்டுக் கோட்டுக்கு ஒரு நாணயம் உண்டு என்று நான் சொல்வேன். தெரியாததைப் புகைபோலப் பூசி மறைக்க அதற்கு வழியில்லை.

மரத்துக்கு நாணயம் உண்டென்றேனே தவிர, அச்சுக்கூடத்துக்கும் உண்டென்று சொல்லவில்லை. ராய்விக்கின் படங்கள் வெளிவந்து ஏழே ஆண்டுகளில், 1493-இல், நூரம்பர்க் நகரத்தில் ஹார்ட்மான் ஷெடல் என்னும் மருத்துவர் தொகுத்த உலக சரித்திரம் ஒன்று, பெரிய பெரிய சித்திரங்களோடு வெளிவந்தது. அதில் உள்ள படங்கள் 1,809. செதுக்கிய கட்டைகளோ 645. கணக்கு உதைக்கிறதல்லவா? ஒரே கட்டையைப் பல பெயருக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். தமாஸ்கஸ் என்று ஓரிடத்தில் போட்ட அதே ஊர், பெர்ராரா என்றும், மிலான் என்றும், மாந்துவா என்றும் வேறு பக்கங்களில் வருகிறது. ரோட்ஸ், காண்டியா, வெனிஸ் ஆகியவற்றுக்கு ராய்விக்கின் படங்களைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். மற்றவற்றுள் பலவற்றுக்கு மதிலும் கோபுரமும் இருந்தால் ஊர்தானே என்று விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நூரம்பர்க்காரனைப் பார்த்து நாம் நகைக்கவேண்டியதில்லை. என் இளமையில் பல்லாவரத்தில் ஒரு சிறு அச்சுக்கூடத்துக்கு அடிக்கடி போய் உட்காருவேன். காலால் மிதிக்கும் ட்ரெடில் யந்திரம் ஒன்று, எழுத்துப் பெட்டிகள், சுவரோரத்து அலமாரியில் மரத்தில் அடித்துப் பொருத்திய பிளாக்குகள். பிள்ளையார் ஒன்று, லட்சுமி ஒன்று, நாதஸ்வரமும் தவிலும் ஒன்று, கோபுரம் ஒன்று. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கும்பாபிஷேகம் என்றாலும் அந்த நோட்டீசின் தலையில் அந்தக் கோபுரமே ஏறும். ராஜகோபுரமே இல்லாத அம்மன் கோயிலுக்கும் அதே ஏழு நிலைக் கோபுரம் அச்சாவதைக் கண்டு, ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அங்கிருந்த முதிய அச்சுக்கோப்பாளரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த, எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கீழே வைக்காமலே, “தம்பி, படத்தைப் பாத்தா கோயிலைத் தேடிக்கிட்டு வரப்போறாங்க? கோபுரம் இருந்தாத்தான் இது கோயில் நோட்டீசுன்னு தெரியும், எந்தக் கோயிலுன்னு கீழே எழுத்துல போட்டிருக்கோமில்ல” என்றார். ஷெடலின் சரித்திரத்தைப்பற்றிப் பின்னாளில் நான் படித்த ஆராய்ச்சிகளுள் எதுவும் இதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை விளக்கவில்லை. படம் ஓர் இனத்தைக் காட்டும், பெயர் ஆளைக் காட்டும் என்பது பழைய அச்சுலகத்தின் பொதுச் சட்டம். ராய்விக் அதற்கு விலக்கு.

இனி நம் கரைக்கு வருவோம். ராய்விக் புறப்படுவதற்கு ஓராண்டு முன்னதாக, 1482-இல், ஜெர்மானிய நாட்டு உல்ம் நகரத்தில் தாலமியின் பூகோள நூல் மரக்கட்டை வரைபடங்களோடு வெளியாயிற்று. கிரேக்க மொழியில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய அந்நூலில் காவிரிப்பூம்பட்டினம் ‘கபேரிஸ்’ என்னும் வணிகத்துறையாகவும், நாகப்பட்டினம் என்று அறிஞர் கொள்ளும் ஊர் ‘நிகாமா’ என்றும் குறிக்கப்பட்டுள்ளன. நம் துறைகளின் பெயர்கள் அவற்றைக் கனவிலும் கண்டிராத ஊரில், ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழைய செவிவழிச் செய்தியாக, இலங்கையைக் கண்டம்போலப் பெருக்கிக்காட்டும் படங்களுக்கு நடுவே ஐரோப்பிய அச்சுக்கு ஏறின. பெயர் போய்ச்சேர்ந்துவிட்டது, முகம் போய்ச்சேர இன்னும் நெடுங்காலம் சென்றது.

கொலோன் நகரத்தில் பிரவுன் என்பவரும் ஹோகன்பர்க் என்பவரும் உலகத்து நகரங்களையெல்லாம் படமாக்கித் தொகுத்த பெருநூலின் முதற்பகுதி 1572-இல் வந்தது. அதில் கோழிக்கோடு இருக்கிறது, கண்ணனூர் இருக்கிறது, கோவாவும் தீவுத்துறையாகிய தியூவும் இருக்கின்றன. இவை செப்புத்தகட்டுப் படங்கள். கோழிக்கோட்டுக்குத் தாளின் மேற்பாதி முழுவதையும் கொடுத்து, முன்னே கடலும் கப்பல்களும், கரையில் மரங்களும், யானை ஒன்றும் எழுதியிருக்கிறார்கள். மிளகு போன வழியே படமும் போயிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் கோழிக்கோட்டு மிளகு செங்கடல் வழியாகக் கெய்ரோவுக்கும், அங்கிருந்து அலெக்சாந்திரியாவுக்கும், பின்பு வெனிஸ் மரக்கலங்களில் ஏறிக் காண்டியா, மோதோன் துறைகளைத் தொட்டுக்கொண்டு வெனிசுக்கும் போய்க்கொண்டிருந்தது; ராய்விக் எழுதிய துறைகளுள் பல நம் மிளகின் சுங்கச்சாவடிகளே. கிழக்குக் கரைக்கு அந்த அதிருஷ்டம் இல்லை. சோழமண்டலத் துறை எதற்கும் அத்தொகுதியில் நான் சொன்ன தாள்களில் இடமில்லை.

இதற்குக் கரையின் இயல்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ரோட்ஸ் தீவில் கப்பல் இரண்டு அணைகரைகளுக்கு நடுவே புகுந்து மதிலடியில் நிற்கும்; பார்க்கிறவன் கண்ணுக்கு ஊர் முகத்தோடு முகம். நம் கரையிலோ இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையில் 1875-ஆம் ஆண்டுக்குப் பின்னரே அணைகரை கட்டத் தொடங்கினார்கள். அதையும் 1881-ஆம் ஆண்டுப் புயல் வந்து உடைத்துப்போட்டது. அதுவரை பெரிய கப்பல்களெல்லாம் கரையைவிட்டு ஒரு மைலுக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளின்மேல் ஏறி இறங்கிச் சரக்கையும் ஆட்களையும் கொண்டுசேர்த்தன. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஊர் ஒரு கோடு. கோட்டின்மேல் சில புள்ளிகள். அதனால்தான் நம் கரையின் பழைய படங்களில் கப்பல் யானைபோலப் பெரிதாகவும், பட்டினம் எறும்பு வரிசைபோலச் சிறிதாகவும் இருக்கின்றன. கலைஞன் கர்வத்தால் கப்பலைப் பெருக்கிவிட்டான் என்று சிலர் சொல்வதை நான் முழுதும் ஒப்புவதில்லை. கர்வமும் உண்டு, தூரமும் உண்டு.

பிலிப்புஸ் பால்தேயுஸ் என்னும் டச்சுப் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்து திரும்பியவர். போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகிய நான்கையும் டச்சுக்காரர் 1658 என்னும் ஒரே ஆண்டில் கைப்பற்றிய காலம் அது. மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப்பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. நம் துறைகள் தனித்தனிப் படமாக அச்சில் முகங்காட்டுவதை அதில் காணலாம். நாகப்பட்டினம் இருக்கிறது, தூத்துக்குடி இருக்கிறது, யாழ்ப்பாணம் இருக்கிறது. ரோட்ஸ் தீவுக்கு உறவு சொல்லக்கூடிய தீவுத்துறை நமக்கு எதுவென்று கேட்டால், மன்னாரைச் சொல்லலாம். கோட்டையும் உண்டு, கடலைக் காத்துநின்ற கதையும் உண்டு, ரோட்ஸ் தீவுக்கு இல்லாத முத்தும் உண்டு. அந்நூலின் படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கலாகாது: கரையைக் கண்டவன் வேறு, ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து செப்பில் கீறியவன் வேறு. ராய்விக்கின் நூலில் கண்ட கண்ணுக்கும் அச்சிட்ட வீட்டுக்கும் இடையில் தூரமில்லை. அந்நூல் அவர் வீட்டிலேயே அச்சானதாக நூலே சொல்கிறது. பால்தேயுஸின் நூலில் கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஆறுமாதக் கடல் கிடக்கிறது. இருந்தும் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே நூலில் தமிழ் எழுத்துக்களையும் தகட்டில் வெட்டிப் பதித்திருக்கிறார். ஊரின் முகத்தையும் எழுத்தின் முகத்தையும் ஒரே கட்டில் கட்டிக்கொண்டு போனவர்.

எழுத்து என்றதும் ஒரு விசித்திரம் நினைவுக்கு வருகிறது. கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. கொல்லம் ஒரு துறைமுகம். அச்சகம் இருந்தது, எழுத்து வார்க்கத் தெரிந்த கை இருந்தது, கடல் வாசலிலேயே கிடந்தது. அதற்கும் முன்பே, துணியில் பூவும் கொடியும் பதிக்க மரக்கட்டை வெட்டுவதில் நம் நாட்டுக் கைகள் பழகியிருந்தன. கெய்ரோவுக்கு அருகே புஸ்தாத் என்னும் பழம்பட்டினத்துக் குப்பைமேட்டில் அகழ்ந்தெடுத்த குஜராத்து அச்சுத்துணிகளை இன்றும் கண்காட்சிச்சாலைகளில் பார்க்கலாம். கட்டையும் உண்டு, உளியும் உண்டு, அச்சும் வந்துவிட்டது. ஆயினும் தன் ஊர்த்துறையைக் கட்டையில் செதுக்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. பாதிரிமார்களுக்கு வேண்டியது வேதம், நம்மவர்களுக்கு வேண்டியதோ...

என்னவென்று சொல்வது? படமாக வேண்டாதவர்கள் பாட்டாக வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். மேடைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் அதை அப்படியே சொல்லிவிட எனக்குத் தயக்கம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை முந்நூற்றோரடியுடையது. அதில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையும், புலிமுத்திரை குத்தி அடுக்கிய பொதிகளும், தெருக்களும், அட்டிற்சாலைகளும் வருகின்றன. ராய்விக்கின் மரக்கட்டையில் இல்லாத முதுகுப்பக்கம் முழுவதும் அங்கே இருக்கிறது. கரையில் நின்றவனின் கண் அது என்று இளமையில் நானும் கட்டுரை எழுதியிருக்கிறேன். பிறகு மறுமுறை படித்தபோது அக்கட்டுரையைக் கிழிக்க நேர்ந்தது. இரவில் கடலுக்குள் போன பரதவர், தங்கள் திமிலில் இருந்தபடியே, ஊரின் உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளைப் பார்த்து எண்ணுவதாகப் புலவர் ஓரிடத்தில் பாடுகிறார். ஒரே ஒரு கணம் புலவர் கரையைவிட்டு இறங்கிப் படகில் ஏறிக்கொள்கிறார். அந்தக் கணத்தில் தெரு மறைகிறது; பண்டசாலை மறைகிறது; பட்டினம் இருட்டில் ஒரு விளக்குவரிசை ஆகிவிடுகிறது. கடலிலிருந்து கண்ட பட்டினத்தின் முதற்படம் தமிழில் இருக்கிறது. அதைக் கண்டவன் அந்நியனல்லன், வீடு திரும்பும் மீனவன் என்பதுதான் வேறுபாடு. அவனுக்கு ஒவ்வொரு விளக்கும் யார் வீட்டு விளக்கென்று தெரிந்திருக்கும். அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறையில் ஓங்கிய மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிவைத்துக் கலங்களுக்கு வழிகாட்டிய விளக்கையும் பாடியிருக்கிறார். அவ்வூரை மாமல்லபுரம் என்று கொள்வாரும் உண்டு.

வழிகாட்டும் உயரம் என்பதைச் சொல்லத் தொடங்கியவன், நாகப்பட்டினத்தைச் சொல்லாமல் முடித்தால் பிழையாகும். அங்கே, ஊருக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தொலைவில், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டுவரை ஒரு கோபுரம் நின்றது. ஊரார் அதைப் புதுவெளிக்கோபுரம் என்றார்கள். டச்சுக்காரர் சீனாக் கோபுரம் என்றார்கள். கறுப்புக் கோபுரம் என்றவர்களும் உண்டு. நாற்சதுரமாக, மூன்று நிலையாக, சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் செங்கல்லோடு செங்கல்லை நெருக்கிக் கட்டியது. கரையில் வேறு உயரம் எதுவும் இல்லாததால், நாகப்பட்டினத்துத் துறையை நெருங்கும் மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். ராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பேரால் நாகையில் எடுப்பித்த பௌத்த விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக விடப்பட்டதை, ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போய்ச்சேர்ந்த செப்பேடுகள் சொல்கின்றன. அந்த விஹாரத்தின் மிச்சமே இக்கோபுரம் என்று சிலர் எண்ணினர். சீன நாட்டு யாத்திரிகர் வாங் தாயுவான் 1349-இல் எழுதிய நூலிலோ, இந்தக் கரைச் சமவெளியில் மண்ணாலும் செங்கல்லாலும் எழுப்பிய உயர்ந்த கோபுரம் ஒன்று இருப்பதாகவும், 1267-ஆம் ஆண்டுக்கு ஒத்த சீன ஆண்டில் வேலை முடிந்ததென்று அதில் சீன எழுத்தில் பொறித்திருப்பதாகவும் ஒரு குறிப்பு உண்டு. இந்தக் கோபுரமே அந்தக் கோபுரம் என்பது பிற்கால அறிஞர் பலரின் அபிப்பிராயம். சீனாக் கோபுரம் என்ற பெயர் டச்சுக்காரனின் உளறல் அன்று, ஊர் மறந்துபோன உண்மையின் எச்சம் என்று ஆகும்போது, பெயர்களை அலட்சியம் செய்யக்கூடாது என்னும் பாடத்தை அந்தப் பழைய அச்சுக்கோப்பாளரிடமே நான் மறுபடியும் கேட்டதுபோல் இருந்தது.

சர் வால்டர் எலியட் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி 1846-இல் அந்தக் கோபுரத்தைப் போய்ப் பார்த்தார். அமராவதிக் கற்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர். தென்னாட்டு நாணயங்களைப்பற்றி நூல் எழுதியவர். கடைசி நாட்களில் கண்ணொளி மங்கியபோதும் படிப்பை விடாதவர். அவர் கப்பலில் நின்று பார்க்கவில்லை. நிலத்தின் வழியே நடந்து கோபுரத்தின் உள்ளேயே போனார். உத்தரம் பொருத்திய அடையாளம் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே வாயில் எப்படி விட்டிருக்கிறது, மேலே கூரை இருந்ததா, சிற்பமோ எழுத்தோ உண்டா என்றெல்லாம் பார்த்தார். கூரை இல்லை, வானம் தெரிந்தது, சிற்பம் இல்லை, எழுத்தும் இல்லை. பார்த்ததன் படமும் ஒன்று அவரிடம் இருந்தது. பரதவன் விளக்கை எண்ணியதுபோல், செங்கல்லை எண்ணியவர் என்று அவரைச் சொல்லலாம்.

அதன் பின்பு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்தால் மனம் பொறுக்காது. அந்த நிலத்தில் ஏசு சபைப் பாதிரிமார்கள் கல்லூரி நடத்திக்கொண்டிருந்தார்கள்; 1844-இல் தொடங்கியது. 1856-இல் வளாகத்திலிருந்த முதிய இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது அடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. அதிலிருந்து தொடங்கி 1934-வரை நாகையில் கிடைத்த பௌத்தச் செப்புத்திருமேனிகள் முந்நூற்றைம்பதுக்கும் மேல்; எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அவற்றுள் சிலவற்றைக் காணலாம். கோபுரம் பாழ், இடிந்து விழும் என்று சொல்லி அதை இடித்துக்கொள்ளக் கல்லூரியார் அனுமதி கேட்டார்கள். அரசாங்கம் முதலில் தயங்கி, 1867-இல் இசைந்தது. கோபுரம் இடிந்தது, அத்தோடு மாலுமிகளின் அடையாளமும் போயிற்று. எலியட்டின் கட்டுரை, அந்தப் படத்தோடு, பம்பாயிலிருந்து வந்த ‘இந்தியன் ஆண்டிக்குவரி’ என்னும் ஆராய்ச்சிப் பத்திரிகையில் 1878-இல் அச்சாயிற்று. அப்பொழுது அந்தக் கோபுரம் இல்லாமற்போய்ப் பதினோரு ஆண்டு கழிந்திருந்தது.

ரோட்ஸ் தீவுக்குப் போகிறவன் ராய்விக்கின் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, இதோ மதில், இதோ அணைகரை என்று ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்பலாம். ஊர் அங்கேயே இருக்கிறது. நாகப்பட்டினத்துக்குப் போகிறவன் எலியட்டின் தாளை எதனோடும் ஒப்பிட முடியாது. நான் போயிருக்கிறேன். வெயிலில் ஒரு மணி நேரம் நின்று, இந்தத் திசையில்தானே இருந்திருக்கவேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தேன், துணைக்கு வந்த ஆட்டோக்காரர், “சாமி, அங்க ஒண்ணுமில்லையே, எதைக் காட்டுறீங்க?” என்று கேட்டார். எந்தக் கல்லூரியின் இடத்திலிருந்து அந்தக் கோபுரத்தை அகற்றினார்களோ, அந்தக் கல்லூரியும் 1883-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தை விட்டுத் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது.